பதினோரு நாளில் கற்ற கையெழுத்து

பாறசாலை மகாதேவர் துணை

குளத்தூர்
8.6.1997

என் கண்ணான பேத்தி அஞ்சுவுக்கு ஆச்சி ஆசீர்வாதம் பலவும் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. முழங்கால் வலி மழைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. அங்கே பிரிஸ்பேனில் நீயும் உன் அப்பன் உமேஷும் உன் அம்மையும் சுகமென்று நினைக்கிறேன். அவன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழ் வாசிக்க வராது. ஆகையால் இந்தக் கடிதத்தில் அவனுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் அவனிடம் சொல். மீதி உனக்கும் எனக்கும்.

நீ அனுப்பிய கவர் வியாழக்கிழமை கிடைத்தது. தபால்காரன் பொன்னப்பன் அதைக் கையில் தராமல் ஸ்டாம்பைத் தடவிக்கொண்டே நின்றான். "பேத்தி அங்க என்ன படிக்குது, வக்கீலுக்கா, பேப்பர்ல எழுதவா?" என்று கேட்டான். "ரெண்டுக்கும் ஆக்கும்" என்றேன். "ரெண்டுமா, ஒரே நேரத்திலயா?" என்றான். "ஒரே காலேஜ், ஒரே அஞ்சு வருஷம், ரெண்டு பட்டம். நீ ஒரு எஸ்.எஸ்.எல்.சி.யை மூணு தடவ எழுதினியே, அது போல இல்ல" என்றேன். ஸ்டாம்பைக் கிழித்துத் தரச் சொல்லிக் கேட்க வந்தவன், கேட்காமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கல்லெடுத்து எறிந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழும். பேப்பரில் எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் சட்டத்தையும் பத்திரிகையையும் சேர்த்துப் படிக்கிற ஒரு பெண்ணை யாராவது எனக்குக் காட்டட்டும். உன் தாத்தா முப்பத்தொரு வருஷம் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தார். அவர் இருந்திருந்தால் உன் கவரை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் ஒவ்வொரு வக்கீலுக்கும் காட்டியிருப்பார்.

கவரைப் பிரித்து, நீ எழுதியது வந்த பேப்பர்த் தாளை விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது என் படம். ஜனவரியில் நீ வந்திருந்தபோது, காலையில் மலையாளப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை எடுத்தாயே, அதுதான். நல்லவேளை அன்றைக்குப் புது நேரியது உடுத்தியிருந்தேன். படத்துக்குக் கீழே சின்னதாக ரத்னபாயின் கையெழுத்து. அந்தத் தாள் முழுவதும் இங்கிலீஷ். அந்த ஒன்றுதான் தமிழ், அதை மட்டும் நான் வாசித்தேன். நம் வீட்டு முற்றம் தூத்துப் பெருக்கி அம்மியில் அரைத்துத் தருகிறவளுடைய பெயர் ஆஸ்திரேலியாப் பேப்பரில் எதற்கு என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு புரிந்தது. அந்தக் கையெழுத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானல்லவா. நீ அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டேப் ரெக்கார்டரில் பேசவைத்தபோது அந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பாள். யார் அகப்பட்டாலும் அதைத்தான் சொல்லுவாள். சுளகில் அரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்து, பதினோரு நாள். கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க மறந்து மறந்து போவாள். இன்றைக்கும் அவள் சபைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது மற்றப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்களாம். ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி, எழுத்தே தெரியாத ஒருத்தியைக் கையெழுத்துப் போடவைத்ததை நீ உலகத்துக்குச் சொல்லியிருக்கிறாய். பரிசும் கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். கிடைக்காமல் இருக்குமா.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "ஆச்சி, இது உங்களைப் பற்றியது. டிசம்பரில் நானே வந்து வாசித்துக் காட்டுகிறேன். அதுவரை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு துண்டு வைத்திருக்கிறாய். கண்பட்டுவிடும் என்று பயமா? வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வாயனசாலைக்கு ஆண்டுவிழா. ஊரே வந்து புத்தகம் எடுக்கிற இடம், மேடையும் மைக்கும் உண்டு. கூட்டத்தில் உன் எழுத்தை வாசித்து மலையாளத்தில் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று செயலாளர் கிருஷ்ணன்குட்டி சாரிடம் சொல்லிவிட்டேன். முன்கூட்டி ஒரு தடவை பார்க்கத் தரச் சொன்னார். "மேடையில வச்சுத் தாறேன் சாரே" என்றேன். அவர் மகன் சட்டக் கல்லூரிக்கு இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்காதவன். அந்த வீட்டில் உன் எழுத்து ஒரு நாள் தங்கினாலே வாடிப்போகும். பாயசம் நம் வகை. ரத்னபாய் வைத்துத் தலையில் தூக்கி வருவாள்.

அவள் பேச்சு வந்ததால் இன்னொன்று. அவள் மகன் யோசுவா புது ஆளாகிவிட்டான். பஞ்சாயத்தில் வீடு கட்டித் தருகிறார்களாம், அதற்கு நிலத்தின் பட்டயம் வேண்டுமாம். நம் தோப்பின் கீழ்க்கோடியில் அவர்கள் குடிசை நிற்கிற பத்து சென்ட் தங்களுக்குச் சேர்ந்தது என்கிறான். அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவனுக்குக் குடிகிடப்புச் சட்டப்படி பத்து சென்ட் உரிமையாம். கோர்ட்டுக் குமாஸ்தாவின் பெண்டாட்டிக்கு அவன் சட்டம் சொல்கிறான். சட்டம் வந்த எழுபதாம் வருஷமே உன் தாத்தா யோசித்து எழுதி வாங்கிய தாள் பெட்டியில் இருக்கிறது. "எனக்கு இந்த மண்ணில் உரிமை ஏதும் இல்லை, வீட்டு வேலைக்காரி என்ற முறையில் அனுமதியின்பேரில் தங்குகிறேன்" என்று எழுதி, கீழே ரத்னபாயின் கையெழுத்து. நீ கூட அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, படிப்புக்கு வேண்டும் என்று சொல்லிப் பாறசாலையில் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தாயே. அது இருக்கும்வரை ஒரு பிடி மண் நம்மை விட்டுப் போகாது. நீ கவலைப்படாமல் படி.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அங்கே இப்போது குளிர்காலம் என்று உமேஷ் போனில் சொன்னான். கோட்டு ஒன்று இடதுதோளில், பேனா ஒன்று வலதுகையில் என்று நீ இந்த வாசலில் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போனால் போதும் எனக்கு.

உன் ஆச்சி,
அம்மிணி


குளத்தூர்
13.7.1997

அஞ்சு அறிய எழுதுவது. நான் இருக்கிறேன்.

நான்கு வாரமாக எழுதவில்லை. உன் அப்பன் பக்கத்து வீட்டுப் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டான். போகவில்லை. போனில் பேசினால் அந்த வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். எனக்குத் தேவையான அளவுக்கு எல்லாரும் கேட்டாயிற்று.

நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பேப்பரில் எழுதுகிறவளுக்கு உபயோகப்படும்.

நூறு பேருக்குக் குறையாத கூட்டம். முன்வரிசையில் நான். பின்னால் சுவரோரம் பாயசப் பானையை வைத்துக்கொண்டு தரையில் ரத்னபாய். பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த உன் எழுத்தை மேடை ஏறி நானே கிருஷ்ணன்குட்டி சார் கையில் கொடுத்தேன். முதல் வரியை இங்கிலீஷில் வாசித்து, "என் பாட்டி ஒரே ஒரு மாணவிக்குத்தான் ஆசிரியையாக இருந்தாள்" என்று மலையாளத்தில் சொன்னார். கைதட்டினார்கள். நான் திரும்பி ரத்னபாயைப் பார்த்தேன். அவள் கரண்டியால் வாயை மறைத்துச் சிரித்தாள்.

பிறகு சார் தனக்குள் நாலைந்து வரி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைக்கை விட்டு விலகி என் பக்கம் குனிந்து, "அம்மிணியம்மே, இது மதி. பாக்கி பின்ன வாசிக்கலாம்" என்றார். போதும் என்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? "ஏன் சாரே, இங்கிலீஷ் முட்டுதா?" என்றேன். முன்வரிசை சிரித்தது. அவர் பக்கத்தைப் புரட்டி, கீழே எங்கேயோ ஒரு வரியைத் தேடினார். விடவில்லை நான். "ஒரு வரி விடாம வாசியும். மகனுக்குக் கிடைக்காதது என் பேத்திக்குக் கிடைச்சுப் போச்சேன்னு முழுங்கண்டாம்" என்றேன். மைக் அதையும் எடுத்துக் கூட்டத்துக்குக் கொடுத்தது.

அவர் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு ஒரு வரி விடவில்லை. ஒவ்வொன்றாக, நீ எழுதியபடியே, குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது போல வாசித்தார். கைநாட்டு வைத்த தாள் என்றால், அதை அவளுக்கு வாசித்துச் சொன்னது யார் என்று கோர்ட்டில் கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட தாளுக்கு அப்படிக் கேட்க மாட்டார்கள். இது கோர்ட்டுக் குமாஸ்தாவான என் தாத்தாவுக்குத் தெரியும். அதனால்தான் என் பாட்டி பதினோரு நாள் சுளகில் அரிசி பரப்பினாள். பன்னிரண்டாம் நாள், ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி, மலையாளத்தில் எழுதிய தாளை நீட்டினாள். அந்தப் பெண் தன் வாழ்நாளில் போட்ட முதல் கையெழுத்தால் தன் பத்து சென்டை எழுதிக்கொடுத்தாள். இப்படியே முடிவுவரை.

ரத்னபாய் எழுந்து நின்றாள். "கொச்சம்மா, அது ரேஷன் கார்டுக்குள்ள தாளு இல்லியா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கிற குரல் இல்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல்.

"பாயசம் ஆறுது, விளம்பு" என்றேன்.

விளம்பினாள். நூறு பேருக்கும் குனிந்து குனிந்து விளம்பினாள். வாங்கின எல்லாரும் கீழே வைத்தார்கள். கடைசியில் எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மிணி குடிக்காமல் வைப்பாளா?

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல முற்றம் பெருக்க வந்தாள். பாதி தூத்திருப்பாள். நான் உள்ளே இருந்தே, "எட்டி, முத்தம் தூத்தா பத்து சென்ட் கிடைக்காது கேட்டியா" என்றேன். நட்டநடு முற்றத்தில் தும்பு விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். இருபத்தேழு வருஷம். அந்தத் தும்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, மழையில் நனைந்து.

அதே வாரம் ஆள் வைத்து வேலி கட்டினேன். குடிசைக்கும் நம் கிணற்றுக்கும் நடுவில், ஒரு கோழி நுழையாதபடி முள் வைத்து. வாளியையும் கயிற்றையும் வீட்டுக்குள் எடுத்து வைத்தேன். இப்போது இரண்டு குடம் தண்ணீருக்குக் கனால் வாய்க்கால்வரை நடக்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை இளைப்பாறுவாள். எனக்கு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும். பார்க்கிறேன்.

யோசுவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கொச்சம்மா, உங்க பேத்தியே பேப்பர்ல எழுதியாச்சு, இனி வேலி எதுக்கு?" என்று கேட்டான். "அந்தப் பேப்பர் ஆஸ்திரேலியாவில. வேலி இங்க ஆக்கும்" என்றேன். அவன் தாலுக்கா ஆபீசில் மனு கொடுக்கப் போகிறான், வக்கீல் வைத்திருக்கிறான். உன் விலாசத்தை உன் எழுத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த டேப்பை அனுப்பச் சொல்லி உனக்கு எழுதுவார்கள். சண்டை எதுவும் வருவதற்கு முன்னால், தனக்கு வாசிக்கத் தெரியாது, பேர் எழுத மட்டும்தான் தெரியும் என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னது அதில் இருக்கிறதாம். அதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்கிறான் அந்த வக்கீல். அதை நீ அனுப்பினால் பத்து சென்ட் அவளுக்கு. அனுப்பாவிட்டால் எனக்கு. இவ்வளவுதான் வழக்கு.

இனி உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் அவள் உனக்காகப் பலாச்சக்கை வரட்டி கொண்டுவந்தாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றாய். ஜெராக்ஸ் உன் பையில் இருந்தது. "நீங்க கையெழுத்துப் போட்டது இதிலதான், இதில இன்னது எழுதியிருக்கு" என்று சொல்ல உனக்கு ஒரு நிமிஷம் போதும். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவள் சிரித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டாள். உன் டேப்புக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. நான் ரேஷன் கார்டு என்று சொல்லி வாங்கினேன். நீ படிப்பு என்று சொல்லி வாங்கினாய். எனக்காவது பதினோரு நாள் ஆயிற்று.

அன்றைக்கு எந்தப் படிப்பு உன்னிடம் இருந்தது? வக்கீலாக இருந்திருந்தால் அவளிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பேப்பர்காரியாக இருந்திருந்தால் என்னிடம் வந்து, "ஆச்சி, இது மெய்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். எழுபதில் திருப்புறத்தில் என் சித்தி வீட்டில் நாலு குடிசைக்கு நாற்பது சென்ட் போனது. அவள் படுத்த படுக்கையானாள். எனக்கு அது வர வேண்டாம் என்று நினைத்தேன். உன் தாத்தா எழுதினார், நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு படிப்புக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும் போலிருக்கிறது. அதில் நீ ஒளிந்துகொண்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் பயந்தது ரேஷன் கார்டுக்காக இல்லை. இன்னொரு வரி வரும் என்று காத்திருந்தேன். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. குழித்துறையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்துவிட்டு இங்கே வாழ வந்தவள். தினமும் காலையில் பேப்பரை விரித்துப் பிடித்துப் படம் பார்க்கிறேன். இது உன் தாத்தாவுக்குத் தெரியும், அவர் போய்விட்டார். உன் அப்பனுக்கே தெரியாது. உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு தலைப்பை வாசிக்கச் சொன்னாய். கண்ணாடி இல்லை என்றேன். ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்து நீட்டினாய். அதனால் உனக்கும் தெரிந்தது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நானும் வாசித்தவள் இல்லை. அதை மட்டும் நீ எழுதவில்லை. ஏன் விட்டாய்? இரக்கமா? எனக்கு வேண்டாம் அது.

டேப்பை அனுப்பாதே. அனுப்பினால் இந்த வீட்டு நடையில் உன் கால் படக்கூடாது. நான் செத்துக் கிடந்தாலும்.

அம்மிணி


குளத்தூர்
31.8.1997

அஞ்சுவுக்கு ஆச்சி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பொன்னப்பன் இப்போது எதுவும் கேட்பதில்லை, வேலியில் செருகிவிட்டுப் போகிறான். மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். எல்லாம் எனக்கு. ரத்னபாய்க்கு ஒரு வரி இல்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதாலா? டேப்பை என்ன செய்தாய் என்றும் எழுதவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரைத் தாலுக்கா ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் வந்திருந்தாள், சபைக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில். நான் பெஞ்சில் ஒரு ஓரம், அவள் மறு ஓரம். நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. மெலிந்துபோய்விட்டாள். தோளில் குடம் அழுத்தின தடம்.

அவள் மனுவை அவள் முன்னால் வைத்து, ஆபீசர் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். மசியில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். ஆபீசர் பழைய தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "இதில நல்ல வடிவா எழுதியிருக்கியே, எழுதத் தெரியாதா?" என்று கேட்டார். "முன்ன தெரியும் சாரே, இப்ப மறந்துபோச்சு" என்றாள். என் வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். "நாடகம் போடுதா அவ, இது நமக்கு நல்லது" என்று காதில் சொன்னான். யோசுவாவே அவளைத் திட்டினான், "பேரு எழுதி வைக்காம இது என்ன அம்மா" என்று. அவள் வெளியே வந்து விரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள், மசி போகவில்லை. என்னைக் கடந்து போகும்போது, "கொச்சம்மா, மழைக்கு முன்ன வீட்டுக்குப் போங்க, முட்டு வலிக்கும்" என்றாள்.

அவள் வாய் நிறைய என்னைச் சபித்திருக்கலாம். ஆபீசர் முன்னால் மண்ணை வாரி எறிந்திருக்கலாம். நான் அதற்கெல்லாம் தயாராகத்தான் போனேன். பதில் வைத்திருந்தேன்.

இனி விஷயம். வக்கீல் ஒரு தாள் டைப் அடித்துக் கொண்டுவந்தான். மலையாளத்தில் இரண்டு பக்கம். நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "அம்மிணியம்மா, வாசிச்சுப் பாத்துட்டு இங்க ஒரு ஒப்பு போடுங்க" என்று விரலால் தொட்டுக் காட்டினான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "சும்மா ஒரு வழக்கத்துக்கு, ஒண்ணுமில்ல" என்றான். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து நாளாக அது என் முன்னால் இருக்கிறது. இரண்டு பக்கமும் எனக்குக் கறுப்புக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு வரி. இந்த ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். இன்னொரு தடவை நான் ஒரு தாளைப் பிறத்தியார் கையில் வாசிக்கக் கொடுப்பேனா? வக்கீலிடம் போய் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லவும் மாட்டேன். ஊமையாகப் போனாலும் போவேன், அதைச் சொல்ல மாட்டேன்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும், சட்டமும் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி அனுப்பு. ரத்னபாய் எல்லாவற்றையும் வாசித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டாள் என்று நான் மகாதேவர் மேல் சத்தியம் செய்வதாக அதில் இருந்தால் அதையும் எழுது. மறைத்து எழுதினால் எனக்குத் தெரியாது. அது உன் பாடு.

அடுத்த விசாரணை அக்டோபர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. காலையில் பத்து மணிக்கு வக்கீல் வருவான். இதன் இன்னொரு பிரதி அவன் கையில் இருக்கும். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டால் அதை வாசித்துவிட்டு நான் செய்வதைச் செய்வேன். வரவில்லை என்றால் அவன் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் போட்டுவிடுவேன். எனக்குப் பேர் எழுதத் தெரியும்.

போன கடிதத்தில் நடையில் கால் படக்கூடாது என்று எழுதியிருந்தேன். எழுதினது எழுதினதுதான். ஆனால் டிசம்பரில் வந்தால் பின்பக்கம் வழியாக வா. முற்றத்தில் தும்பு கிடக்கிறது, தட்டிவிடாதே.

இரண்டு பட்டமும் வாங்கி, தீர்க்காயுசாக, யார் முகத்தையும் நேரே பார்க்க முடிகிறவளாக நீ இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். என்னால் முடிந்த ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

ஆச்சி
அம்மிணி